நனைந்த ரயில்வே காகிதங்கள்: வெள்ளத்துக்குப் பிறகு எதை முதலில் எடுப்பது

பழைய ரயில்வே கால அட்டவணைகளையும் சுற்றுலா மடிப்பிதழ்களையும் மெனு அட்டைகளையும் சேகரிப்பவர்கள் சந்தித்துக்கொண்டால், எங்கே கிடைக்கும், என்ன விலை, எது அசல், எது மறுபதிப்பு என்று மணிக்கணக்கில் பேசுவோம். அந்தக் காகிதம் தண்ணீரில் முழுகிவிட்டால் முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் புகுந்தபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்த்த காகிதங்களில் பாதிக்கு மேல் நனைந்தன. பணமாகக் கணக்கிட்டால் மூன்றரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பு. அதன் பிறகு உலர்த்துவதும் பிரிப்பதும் பக்கம் சேர்ப்பதுமாக இரண்டு ஆண்டுகளின் விடுமுறை நாள்கள் முழுவதும் போயின. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் என்னைப் போலவே தரைத்தளத்தில் சேகரிப்பை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது தெரிவதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

என் சேகரிப்பின் மையம் தென்னிந்திய ரயில்வே. 1951 ஏப்ரல் 14 அன்று மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகியவற்றுடன் இணைக்கப்பட்டுத் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்பு, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு பெரும்பாலும் மீட்டர் கேஜ் பாதைகளில் வண்டிகளை ஓட்டியது அது. அதிலும் எனக்கு உயிரானவை கொழும்புக் கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயில் தொடர்பான காகிதங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், பிறகு கொழும்பு வரை இலங்கை ரயிலிலும் போக முடிந்தது. அந்தப் பயணத்தை விளம்பரப்படுத்திய மடிப்பிதழ்கள், இர்வின், கோஷன் ஆகிய கப்பல்களின் பெயரோடு வந்த அட்டவணைகள், ஸ்பென்சர் நிறுவனம் நடத்திய ரயில்வே உணவு விடுதிகளின் மெனு அட்டைகள் ஆகியவற்றைப் பழைய மூர் மார்க்கெட் வியாபாரிகள் இடம் மாறிச் சென்ற கடைகளிலும், திருவல்லிக்கேணி நடைபாதையிலும், காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும், இணைய ஏலங்களிலும் ஒவ்வொன்றாக வாங்கினேன். இவை மூன்றும் மூன்று விதமான காகிதம் என்பதை அப்போது நான் பொருட்படுத்தியதில்லை. கால அட்டவணை பெரும்பாலும் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகி, இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கும். மதுரைக் கோபுரத்தையும் இராமேசுவரம் பிராகாரத்தையும் புகைப்படமாகக் காட்டும் மடிப்பிதழ் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் இருக்கும். மெனு அட்டை தடித்தது. அதன் மேல் அன்றைய உணவுகள் தட்டச்சிலோ கையெழுத்திலோ இருக்கும். தண்ணீர் இந்த மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

நவம்பர் மாத மழையிலேயே தரை ஈரம் ஏறத் தொடங்கியிருந்ததால், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கோப்புப் பெட்டிகளை இரண்டாம் தட்டுக்கு ஏற்றியிருந்தேன். மடிப்பிதழ்களில் ஒரு பகுதி அந்தப் பெட்டிகளிலும், மீதி கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியிலும் இருந்தன. டிசம்பர் 1 அன்று நாள் முழுவதும் விடாமல் பெய்த மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. எங்கள் தெருவில் இரவு மின்சாரம் போன சிறிது நேரத்தில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது. அரை மணி நேரத்தில் முழங்காலுக்கு வந்தது. அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது இடுப்பளவு தண்ணீர். கைக்குக் கிடைத்த இரண்டு பெட்டிகளோடு மேலே ஏறினேன். அன்று இரவும் மறுநாளும் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீரின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஊரில் உயிர்கள் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் காகிதத்துக்காக நெஞ்சு அடைப்பதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 3 காலையில் உள்ளே போனபோது தரையில் கணுக்காலளவு சேறு இருந்தது. அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து தண்ணீர் முந்தைய இரவே இறங்கிவிட்டிருக்க வேண்டும். கோப்புப் பெட்டிகள் ஊறி வாய் பிளந்து, உள்ளே இருந்த காகிதக் கட்டுகள் ஈரமாகவும் ஓரங்களில் மட்டும் லேசாகக் காய்ந்தும் கிடந்தன. டிரங்குப் பெட்டியோ விளிம்பு வரை கலங்கல் நீர் நிறைந்து, தண்ணீர்த் தொட்டியாகவே நின்றது. மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பெட்டித் தண்ணிய முதல்ல கொட்டும்மா, ஊறிப் போயிடும்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதை நகர்த்தவே முடியவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த அலமாரியில் தொடங்கி, மேலே இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மாடியில் பரப்பினேன்.

நண்பகலுக்குள் மூன்று வகைக் காகிதமும் தத்தம் தன்மையைக் காட்டிவிட்டன. கால அட்டவணைகள் இரு மடங்கு தடிமனாக உப்பியிருந்தாலும் தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. மெனு அட்டைகள் உருக்குலையவில்லை, ஆனால் எழுத்து போய்விட்டது. ஓர் அட்டையின் பின்புறம், அந்தக் காலப் பயணி ஒருவர் காப்பியிங் பென்சிலால் தம் குழுவின் உணவுக் கணக்கை எழுதியிருந்தார். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரியும் அந்தப் பென்சில், சாயம் கலந்தது. ஈரம் பட்டால் ஊதாவாகக் கரையும். என் கண்ணெதிரே அந்தக் கணக்கு ஊதா மேகமாகப் பரவி, முன்புறத்தில் தட்டச்சு செய்திருந்த சூப், மீன், புடிங் எல்லாவற்றையும் மூடியது. ரப்பர் முத்திரைகளும் அப்படியே ஆயின. அச்சு மையோ அசையவே இல்லை. கையால் எழுதியதும் முத்திரையிட்டதும் முதலில் போகும், அச்சிட்டது நிற்கும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

உண்மையான இழப்பு மடிப்பிதழ்களில் நேர்ந்தது. ஆர்ட் பேப்பர் என்பது சாதாரணத் தாளின் மேல் வெண்களிமண்ணைப் பசையோடு குழைத்துப் பூசி மெருகேற்றியது. நனைந்தால் அந்தப் பூச்சு இளகும். மறுபடி காயும்போது அடுத்த பக்கத்தின் பூச்சோடு சேர்ந்து இறுகும். அலமாரியிலிருந்து எடுத்த மடிப்பிதழ்கள் நான் தொடும்போதே ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தன. மாடியில் காற்றாட வைத்தது அந்த இறுக்கத்தை விரைவாக்கியது. மாலைக்குள் ஒவ்வொன்றும் பலகைத் துண்டுபோல் ஆகிவிட்டது. பிரிக்க முயன்ற ஒன்றில் பாம்பன் பாலத்தின் படம் தாளை விட்டு உரிந்து எதிர்ப்பக்கத்து எழுத்தின் மேல் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் எதையும் தொடவில்லை.

அன்று மாலை கைபேசி இணைப்பு விட்டுவிட்டு வந்தபோது, பெங்களூரில் நூலகம் ஒன்றின் காகிதப் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, “டிரங்குப் பெட்டித் தண்ணியக் கொட்டிட்டீங்களா?” என்பதுதான். “இல்ல சார், தூக்கவே முடியல” என்றேன். “கொட்டாதீங்க. அது நல்லதுக்குத்தான்” என்றார். ஆர்ட் பேப்பரைப் பிரித்து இடையில் ஒட்டாத தாள் வைக்கவோ உறையவைக்கவோ வசதி கிடைக்கும் வரை அது காயவே கூடாது, குளிர்ந்த சுத்தமான தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம், ஆனால் அதிக நேரம் அப்படி வைத்திருக்கக் கூடாது என்று அவர் விளக்கினார். வெள்ளத்தில் நனைந்த காகிதத்தை விலை பார்த்து மீட்பதா, பழமை பார்த்து மீட்பதா என்று தடுமாறுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான்: காகிதத்தின் வகையைப் பார்த்து மீட்க வேண்டும். பளபளப்பான தாள் முதலில். அது ஈரமாகவே கைக்கு வர வேண்டும். கரையும் மையால் எழுதியது இரண்டாவது. சாதாரணத் தாளில் அச்சிட்டது, எவ்வளவு அரியதாக இருந்தாலும், ஒரு நாள் காத்திருக்கும். இரண்டு நாளுக்கு மேல் அதுவும் காத்திருக்காது, ஏனென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

தெருவில் குடிக்கவே தண்ணீர் இல்லாத நேரத்தில் சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மழையே விடையாக இருந்தது. மொட்டைமாடியில் அகலமான பாத்திரங்களை வைத்து மழைநீர் பிடித்து, டிரங்குப் பெட்டியிலிருந்து மடிப்பிதழ்களை ஒவ்வொன்றாக மூடிய நிலையிலேயே எடுத்து, அந்த நீரில் அமிழ்த்தி மெல்ல அசைத்துச் சேற்றை வெளியேற்றினேன். இந்த இடத்தில் கவனம் தேவை. ஈரத்தாளை வெறும் விரலால் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும்; அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். சேற்றைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். தண்ணீரில் தானாகப் போகாத சேறு, தாள் முழுவதும் உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையில் உதிரும். கழுவியவற்றை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அடுக்கினேன். ஐஸ் காகிதத்தை உறையவைக்காது, பூஞ்சையைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அந்த அவகாசம் போதுமாக இருந்தது. அடுத்த நாள் பெரம்பூரில் மின்சாரம் இருந்த சித்தி வீட்டுக்கு அந்தப் பெட்டியை எடுத்துச் சென்றோம். சித்தி தன் ஃப்ரீசரில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். இன்றைக்கும் என்னிடம் இருக்கும் போட் மெயில் மடிப்பிதழ்கள் அனைத்தும் அந்த ஃப்ரீசரில் இருந்து வந்தவை.

உறைந்த காகிதம் எத்தனை மாதமானாலும் அப்படியே இருக்கும் என்பதுதான் ஃப்ரீசரின் பெரும் பயன். அவசரமில்லாமல் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டை மட்டும் வெளியே எடுத்து, பனி இளகியதும் ஈரமாக இருக்கும்போதே மடிப்புகளைத் திறந்து, தையற்காரர்கள் காலருக்கு உள்ளே வைக்கும் பசையில்லாத மெல்லிய துணியை ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வைத்தேன். அதற்கு வெளியே மையொற்றும் தாள், அதற்கும் வெளியே அட்டை. ஈரத்தை உறிஞ்சும் தாளை முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் பிறகு நாளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். செய்தித்தாளை இதற்குப் பயன்படுத்தினால் அதன் மை ஏறும். அச்சிடாத வெள்ளை நியூஸ்பிரிண்ட் தாள் காகித மண்டிகளில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம். மின்விசிறி காகிதத்தை நோக்கி வீசாமல் அறையின் காற்றை மட்டும் சுழற்ற வேண்டும். வெயில், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் கூடவே கூடாது. வேகமாகக் காய்ந்த தாள் சுருங்கிக் கோணலாகும், பழைய மரக்கூழ்த் தாளாக இருந்தால் நொறுங்கவும் செய்யும். ஓரளவு காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் கட்டத்தில் கனமான பலகைக்கு அடியில் வைத்தால் தாள் சமமாகும். முழு ஈரத்தில் பாரம் ஏற்றினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கால அட்டவணைகளுக்கு வேறொரு தொல்லை இருந்தது. தைத்திருந்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்து, முதுகுப் பகுதியில் பழுப்புக் கறையைப் பரப்பின. அவற்றைப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். முழுவதும் உலர்ந்த பிறகு மெல்லிய தகடு ஒன்றை அடியில் நுழைத்துக் கம்பியின் காலை நிமிர்த்தி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, அதே துளைகளின் வழியே பருத்தி நூலால் தைத்தேன். பூஞ்சையைப் பற்றி மட்டும் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்த சில கட்டுகளை வீட்டுக்குள்ளேயே தூரிகையால் தட்டியதில் எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த இருமல் வந்தது; மருத்துவச் செலவு தனி. பூஞ்சை முழுவதும் காய்ந்து பொடியான பிறகு, வெளியில், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு செய்ய வேண்டிய வேலை அது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தாங்களே செய்யக் கூடாது.

கம்பி எடுத்த பிறகு ஒரு புதிய வேலை முளைத்தது. தலைப்புப் பக்கம் போன, அட்டை போன நூற்றுக்கணக்கான தனித்தாள்கள் எந்த ஆண்டின் எந்த அட்டவணையைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தச் சோதனைக் காலத்தில் எனக்கு மனநிறைவு தந்த ஒரே வேலை இதுதான். கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. தனுஷ்கோடி வரை வண்டி ஓடுகிறது என்றால் 1914க்குப் பின், 1964 டிசம்பர் புயலுக்கு முன். கொழும்புக் கப்பலுக்கு ரயில் தொடர்பு தூத்துக்குடியில் காட்டப்பட்டால் பாம்பன் பாலத்துக்கு முந்தையது. கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார வண்டி இருந்தால் 1931க்குப் பின். தென்னிந்திய ரயில்வே என்பதோடு கம்பெனி என்ற சொல்லும் இருந்தால் 1944இல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முன். நிலைய உணவு விடுதிகளின் பட்டியலில் பிராமணருக்குத் தனியிடம் என்று அச்சிட்டிருந்தால், பெரியாரின் இயக்கத்தினர் நடத்திய எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் அந்தப் பிரிவினை நீக்கப்படுவதற்கு முந்தையது; அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வேறு வேலை செய்ய முடியாமல் இருந்தேன். கல்கத்தாவின் நியூமன் நிறுவனம் வெளியிட்ட இந்தியன் பிராட்ஷா என்ற ரயில்வே கால அட்டவணை நூலின் ஒரு தாளில் நேரமெல்லாம் மதராஸ் நேரம் என்ற குறிப்பு இருந்தது. 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் ரயில்கள் அதைவிடச் சுமார் 9 நிமிடம் பின்தங்கிய அந்த நேரப்படி ஓடின. வாங்கும்போதே ஒவ்வொரு நூலிலும் முதல், கடைசிப் பக்கங்களைப் படமெடுத்து, மொத்தப் பக்க எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சமாகும். இப்போது வாங்குகிறவர்கள் அதை இன்றே தொடங்கிவிடலாம்.

கிழிந்த வரைபடங்களைச் சீர்செய்ய ஒருவரிடம் கொடுத்த கதை கசப்பானது. எஸ்.ஐ.ஆர். என்ற தென்னிந்திய ரயில்வேயின் கால அட்டவணையோடு வரும் பெரிய மடிப்பு வரைபடங்களில் நான்கை, ஆவணச் சீரமைப்பு செய்வதாக விளம்பரம் செய்திருந்த ஒரு கடையில் கொடுத்து, ஜப்பானிய மென்தாளும் கோதுமை மாவுப் பசையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். இருபத்திரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, சூடான லேமினேஷன் செய்து திருப்பித் தந்தார்கள். பிளாஸ்டிக் உருகிக் காகித இழைக்குள் இறங்கிவிட்டதால் அதை இனி எடுக்க முடியாது. செய்ததைப் பிற்காலத்தில் தாளுக்குச் சேதமின்றி நீக்க முடியுமா என்பதுதான் சீரமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மாவுப் பசை தண்ணீரில் இளகும், ஆகவே நீக்க முடியும். மதிப்பு குறைந்த ஒரு தாளை முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண் முன்னால் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகே மற்றவற்றைக் கொடுக்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. எந்தக் கடைக்கும் போவதற்கு முன் அங்கே போய் ஆலோசனை கேட்பது நல்லது. வெளிநாட்டுக்கு அனுப்பிச் சீர்செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புடைய ஆவணங்கள் 75 ஆண்டு பழமை பெற்றாலே தொல்பொருள் ஆகிவிடும்; தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம்.

காப்பீட்டிலும் ஏமாற்றமே கிடைத்தது. வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கும் மெத்தைக்கும் பணம் வந்தது. சேகரிப்பைப் பார்க்க வந்த சர்வேயர், நனைந்த பழைய காகிதம் என்று ஒரு வரி எழுதி, பழைய பேப்பர் விலையையே மதிப்பாகப் போட்டார். நான் வாதாடியபோது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டினார். கையெழுத்துப் படிகள், வரைபடங்கள் போன்றவையும், பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கலைப்பொருள்களும் தனியாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய இழப்பீடு இல்லை என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. ஆகவே காப்பீடு எடுக்கும்போதே சேகரிப்பின் பட்டியலை, படம், வாங்கிய ரசீது, ஏல விலை ஆகியவற்றோடு இணைத்து, தனி மதிப்பீட்டுடன் ஏற்றுக்கொள்ளும்படி எழுத்தில் கேட்க வேண்டும். நடைபாதையில் வாங்கியதற்கு ரசீது இருக்காது என்பதால், ஒரே மாதிரிப் பொருள் ஏலத்தில் போன விலையைப் படமாகச் சேர்த்து வைத்திருப்பது பயன்படும்.

இப்போது முதல் மாடியில் குடியிருக்கிறோம். ஒவ்வொரு மடிப்பிதழும் தனித்தனியாகப் பாலியெஸ்டர் உறையில் இருக்கிறது. வாடை அடிக்கும் மலிவான பிவிசி உறை காலப்போக்கில் மையை உரித்துக்கொள்ளும், அதை வாங்கவே வேண்டாம். பாச்சை உருண்டையை விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதே பூச்சிக்கு நல்ல மருந்து. ஒரு சிறிய பெட்டியில் பெரிய பிளாஸ்டிக் உறைகள், பசையில்லாத துணி, வெள்ளை நியூஸ்பிரிண்ட், முகக்கவசம் ஆகியவை எப்போதும் தயாராக இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளம் முழுகியது. அந்தப் பெட்டியைத் திறக்கும் தேவை எனக்கு வரவில்லை, கீழ் வீட்டுக்காரரின் குடும்பப் புகைப்படங்களுக்கு அது உதவியது. புகைப்படத் தாளும் ஆர்ட் பேப்பரைப் போலவே ஈரமாக இருக்கும்போதே பிரிய வேண்டும்.

இழந்தவற்றில் சில சந்தைக்கு மறுபடி வந்தன. எஸ்.ஐ.ஆர். வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி நூலின் 1926ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மறுபதிப்பே இருக்கிறது. உள்ளடக்கம் போதும் என்பவர்களுக்கு அது போதும், ஆனால் மறுபதிப்பை அசல் என்று விற்பவர்களும் உண்டு என்பதால் புறஊதா விளக்கில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 1950க்குப் பிறகு பரவலான வெண்மையூட்டும் சாயம் கலந்த தாள் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும், பழைய தாள் மங்கலாகவே இருக்கும். கால அட்டவணைகள் அவ்வப்போது கிடைக்கின்றன. முன்பு எண்ணூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு இப்போது ஆறாயிரம் கேட்கிறார்கள், கொடுத்தும் இருக்கிறேன். மெனு அட்டைகள் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு நாள் உணவுக்காகத் தட்டச்சு செய்து, மறுநாள் குப்பைக்குப் போக வேண்டியவை அவை. இன்னொரு படி எங்கும் இருக்காது. அதனால் ஸ்கேன் செய்யத் தொடங்குகிறவர்கள், கையெழுத்தோ முத்திரையோ தட்டச்சோ உள்ள தனித்தாள்களை முதலிலும், மடிப்பிதழ்களை அடுத்தும், கால அட்டவணைகளைக் கடைசியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐ அளவில், பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து, ஒரு படியை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய அச்சுச் சிறுபொருள்களின் அருமை அறிந்த இடம். உங்களிடம் இருப்பதன் பட்டியலை அங்கே ஒருமுறை காட்டுங்கள்.